பெரியப்பாவின் கட்டை விரலும் .32 ரிவால்வரும்

தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் வயசானவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சு எங்கள் பக்கம் இன்னும் ஓயவில்லை. காரணம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் ஒரே தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் என்று மூன்று பேரைக் கொன்றார்கள். அடுத்த மே மாதத் தொடக்கத்தில் சிவகிரி பக்கம் தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதி கொலையான சேதி வந்தது. அந்த மாதமே ஆட்களைப் பிடித்துவிட்டார்கள். ஆனாலும் பயம் போகவில்லை. 2025 ஆகஸ்ட்டில் எங்கள் உடுமலையை ஒட்டிய குடிமங்கலம் பக்கம், தோட்டத்தில் நடந்த தகராறை விலக்கப் போன சிறப்பு எஸ்.ஐ. ஒருவரையே வெட்டிக் கொன்றுவிட்டார்கள். போலீசுக்கே இந்தக் கதியா என்று பொழுதோட கதவைச் சாத்த ஆரம்பித்தவர்கள் நிறைய.

டவுனில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மற்ற ஜில்லாக்களில் ஊர் என்றால் தெரு இருக்கும், வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். கொங்கு நாட்டில் பாதிக் குடும்பம் ஊருக்குள் இருக்காது. அவரவர் பூமியில், தென்னை மரத்துக்கு நடுவில், சாளையோ வீடோ கட்டிக்கொண்டு இருப்போம். கட்டுத்தரையில் மாடு இருக்கிறது, வாய்க்கால் தண்ணீர் ராத்திரி முறையில் வரும், மோட்டார் போடணும். விட்டுவிட்டு ஊருக்குள் குடிபோக முடியாது. அடுத்த தோட்டத்து வீட்டுக்கு இரண்டு பர்லாங். கத்தினால் கேட்காது.

எங்கள் பெரியப்பாவுக்கு 74 வயசு. தளி ரோட்டுப் பக்கம் தோட்டத்தில் பெரியம்மாவும் அவரும் மட்டும். மகன் பெங்களூரில், மகளைப் பொள்ளாச்சியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. சிவகிரி சேதி வந்த வாரம் என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, நானும் ஒரு ரிவால்வருக்கு எழுதிப் போடலாம்னு இருக்கறேன். ஆனா என்ற கைக்கு நோகாததா ஒண்ணப் பாத்துச் சொல்லு" என்றார்.

அவர் கையைப் பற்றிச் சொல்லணும். ஐம்பது வருசம் கையால் பால் பீய்ச்சிய கை. மண்வெட்டி பிடித்து, தேங்காய் உரித்த கை. இப்போது இரண்டு கட்டை விரலின் அடிமூட்டும் புடைத்திருக்கிறது. விரல் நுனி மூட்டுகளில் துவரம்பருப்பு வைத்த மாதிரி முடிச்சுகள். டாக்டர் மூட்டுத் தேய்மானம் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். சட்டைப் பித்தான் போட பெரியம்மாவைக் கூப்பிடுகிறார்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்தில் ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. பன்றி விரட்ட வைத்திருந்தது. அதெல்லாம் அப்போதே ஒப்படைத்தாயிற்று. இப்போது பன்றி விஷயத்தில் விவசாயிக்குத் துப்பாக்கி உதவாது. 2025 ஜனவரியில் வந்த அரசு உத்தரவுப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு வெளியே வரும் காட்டுப்பன்றியைச் சுடுவதும் வனத்துறை ஆட்கள்தான். பெரியப்பா கேட்டது பன்றிக்கில்லை, இடுப்பில் வைத்துக்கொள்ள. அதனால் கைத்துப்பாக்கியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக. 1959ஆம் வருச ஆயுதச் சட்டமும் 2016ஆம் வருச ஆயுத விதிகளும்தான் அடிப்படை. கலெக்டருக்கு ஏ-1 படிவத்தில் மனு, உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்பதற்கான காரணம், போலீஸ் விசாரணை, டாக்டர் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி எடுத்த எஸ்-1 சான்று, இவ்வளவும் வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் கிடைப்பதில்லை. கிடைத்தால் லைசென்ஸ் 5 வருசத்துக்கு. 2019 திருத்தத்துக்கு முன்னால் 3 வருசமாக இருந்தது. சினிமாவில் பார்க்கிற 9 எம்.எம். எல்லாம் நமக்குக் கிடையாது, அது தடை செய்யப்பட்ட ரகம். சாமானிய மனுசனுக்குக் கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32 ரகம்தான்.

அதிலும் கடையில் காட்டுவது மூன்று நான்குதான். கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர், முழுக்க இரும்பு, கிட்டத்தட்ட 700 கிராம், 6 தோட்டா. அதே கான்பூரில் பீல்டு கன் தொழிற்சாலை 2014இல் கொண்டுவந்த 'நிர்பீக்', டைட்டானியம் கலவை, 500 கிராம். டெல்லி நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு பெண்களுக்கென்று விளம்பரம் செய்தது, வந்தபோதே விலை ஒன்றே கால் லட்சத்தை ஒட்டி இருந்தது. அப்புறம் இஷாப்பூரில் செய்யும் 'அஷானி' .32 பிஸ்டல்.

பெரியப்பாவும் நானும் கோவையில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடையில் இருந்தவர் போலீஸ் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவர். மனு நகலைப் பார்த்துவிட்டு, தோட்டா இல்லாத ரிவால்வரைத் திறந்து காட்டி, பெரியப்பா கையில் கொடுத்தார். நிர்பீக்கைத் தூக்கியதும் பெரியப்பா முகம் மலர்ந்துவிட்டது. "இதேன், பூவாட்டம் இருக்குது. இதையே போட்டுருங்க" என்றார்.

கடைக்காரர் சிரித்தார். "தூக்கறதுக்குப் பூவுங்க. சுட்டா முள்ளு" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். தோட்டா ஒன்றேதான். அது முன்னால் போகிற வேகத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் உதைக்கும். துப்பாக்கி கனமாக இருந்தால் மெதுவாகத் தள்ளும், லேசாக இருந்தால் சுருக்கென்று அடிக்கும். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 700 கிராம் துப்பாக்கியை விட 500 கிராம் துப்பாக்கி கைக்குத் தருகிற உதையின் சக்தி 1.4 மடங்கு. அந்த அடி போய் இறங்குகிற இடம் எது தெரியுமா? கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் கவட்டை. பெரியப்பாவுக்குத் தேய்ந்துபோன மூட்டும் சரியாக அங்கேதான் இருக்கிறது. வயசானவருக்கு லேசானதாக வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கும் மகன்கள் இதைக் கவனிக்கணும். நாள் பூராவும் சுமக்க லேசானது நல்லது. சுடும் அந்த ஒரு நிமிசத்துக்குக் கனமானதுதான் நல்லது. இரண்டும் ஒரே துப்பாக்கியில் கிடைக்காது.

அடுத்தது விசை. ரிவால்வரில் விசையை நேரே இழுத்துச் சுட, அந்த ஒரே இழுப்பில் உருளை சுற்றணும், குதிரையும் பின்னால் போய் விழணும். அதனால் இழுப்பு கெட்டியாக இருக்கும். பொதுவாக இப்படிப்பட்ட ரிவால்வர்களுக்கு நாலரையில் இருந்து ஐந்தரை கிலோ வரைக்கும் இழுவை வேண்டும். ஒற்றை விரலில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்குவது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். குதிரையை முதலில் கட்டை விரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டால், விசை ஒன்றரை, இரண்டு கிலோவிலேயே விழுந்துவிடும். ஆனால் குதிரையை இழுப்பது கட்டை விரல். பெரியப்பா இரண்டு தடவை முயற்சி செய்தார். பாதி வந்து நழுவிவிட்டது.

அதற்கும் ஒரு வழி சொன்னார் கடைக்காரர். சோத்தாங்கையில் பிடித்துக்கொண்டு, மற்ற கையின் கட்டை விரலால் குதிரையை இழுப்பது. அது வந்தது. பெரியப்பாவுக்குச் சந்தோசம். உடனே கடைக்காரர் கேட்டார், "சரிங்க ஐயா, இழுத்து நிறுத்திட்டீங்க. வந்தவன் திருடன் இல்ல, பால்காரன். இப்ப என்ன பண்ணுவீங்க?"

நிறுத்திய குதிரையை இறக்க வேண்டும். குதிரையைக் கட்டை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே, விசையை மெதுவாக அழுத்தி, நழுவவிடாமல் கீழே கொண்டுவர வேண்டும். கட்டை விரல் நழுவினால் வெடிக்கும். பித்தான் போட முடியாத விரல், இருட்டில், நடுங்கும்போது இதைச் செய்யணும். பெரியப்பா ஒன்றும் பேசாமல் ரிவால்வரை மேசை மேல் வைத்தார்.

பிஸ்டலையும் பார்த்தோம். விசை இலேசு. ஆனால் முதல் தோட்டாவை ஏற்ற மேல் பாகத்தைப் பின்னால் இழுத்து விடணும். சின்ன பிஸ்டலில் உள்ளே ஸ்பிரிங் கெட்டியாக இருக்கும். இரண்டு விரலால் கிள்ளி இழுக்காமல், மேல் பாகத்தை உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு, பிடியை முன்னால் தள்ளச் சொல்லிக் கொடுத்தார். விரல் பலம் வேண்டாம், தோள் பலம் போதும் என்றார். நல்ல உபாயம்தான். பத்துக்கு ஆறு தடவை பெரியப்பாவுக்கு வந்தது. அப்புறம் தோட்டாப் பெட்டியில் தோட்டாவை ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் அழுத்தி நிரப்பணும். மூன்றாவதுக்கு மேல் முடியவில்லை.

கான்பூர் இரும்பு ரிவால்வரில் இந்த விசயத்தில் ஒரு சௌகரியம். மேலே இருக்கும் கொக்கியைத் தள்ளினால் குழல் முன்னால் மடங்கித் திறந்துகொள்ளும். சுட்ட வெற்றுத் தோட்டாக்களை அதுவே வெளியே தள்ளிவிடும். புதுசு போட ஓட்டையில் விட்டால் போதும், அழுத்த வேண்டியதில்லை. அந்தக் கொக்கி ஒன்றுதான் கட்டை விரலுக்குக் கஷ்டம். பிடி சின்னதாக இருக்கிறது. அதற்கு மேல் ரப்பர் பிடி போட்டுத் தடிமனாக்கலாம். வாதம் உள்ள கைக்குத் தடிமனான பிடிதான் நல்லது. மண்வெட்டிக் காம்புக்குத் துணி சுற்றிக்கொள்கிறோமே, அதே நியாயம்.

எங்கே வைத்துக்கொள்வது என்பது இன்னொரு கூத்து. பெரியப்பாவுக்கு வேட்டியும் பச்சை பெல்ட்டும்தான். பெல்ட்டில் உறை மாட்டி இடுப்புக்குப் பின்னால் வைத்தால், தோள்மூட்டு அவ்வளவு தூரம் திரும்பாது. பக்கவாட்டில் வைத்தால் கட்டிலில் உட்காரும்போது குத்தும். கடைசியில் முன் பக்கம், இடது இடுப்பில், பிடி வலது கையைப் பார்த்த மாதிரி வைத்தால்தான் கைக்கு எட்டியது. 700 கிராம் தொங்கினால் பெல்ட் இறங்குகிறது. தேங்காய் பொறுக்கக் குனிந்தால் வயிற்றில் முட்டுகிறது. "மடியில கனம்னா இதுதானாட்ட இருக்குது" என்றார்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி எனக்கு நின்றது. கடையில் நாங்கள் போனது பகல் 11 மணி. திருடன் வருவது அந்த நேரத்திலா?

எங்கள் வீட்டில் பட்டுக்கூடு எடை பார்க்கும் தொங்கு தராசு இருக்கிறது. அதைக் கட்டில் காலில் கட்டி, கொக்கியில் துணி வளையம் மாட்டி, பெரியப்பாவை ஆள்காட்டி விரலால் மட்டும் இழுக்கச் சொன்னேன். மூன்று நாள், மூன்று நேரம் பார்த்தோம். காலை 11 மணிக்கு, வெந்நீரில் கை கழுவிய பின், நாலரை கிலோ. பொழுதோட, வேலை முடிந்து, மூன்றரை. விடியக் காலை 4 மணிக்கு, படுக்கையிலிருந்து எழுந்த உடனே, இரண்டரை. அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்குத் தூங்கி எழுந்ததும் மூட்டு இறுகிப்போய் இருக்கும், அரை மணி நேரம் ஆட்டி அசைத்தால்தான் இளகும். முடக்குவாதமாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆகும். திருடன் வரும் நேரமும் கை மோசமாக இருக்கும் நேரமும் ஒன்றே. கடையில் எந்தத் துப்பாக்கி கைக்குப் பொருந்தினாலும் அது 11 மணிக் கைக்குத்தான் பொருந்துகிறது.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, "அட நகருங்க" என்று வந்து ஒரு இழுப்பு இழுத்தார். ஐந்து கிலோ தாண்டிவிட்டது. விடியக் காலையிலும் அதே ஐந்து. "பின்ன எம்பேர்ல வாங்குங்க" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அதில் ஒரு விசயம் இருக்கிறது. லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் அந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம். பெரியப்பா பேரில் வாங்கிப் பெரியம்மா எடுத்துச் சுடலாம் என்று கணக்குப் போட முடியாது. வீட்டில் இருவரில் யார் கை உறுதி, யார் கண் தெளிவு, யாருக்குத் தூக்கத்தில் சத்தம் கேட்கும் என்று பார்த்துத்தான் மனுவே போடணும். எல்லா வீட்டிலும் ஆம்பளை பேரில்தான் போடுகிறார்கள்.

பயிற்சிக்குப் போனபோது பெரியப்பா இரும்பு ரிவால்வரில் ஐந்து குண்டு சுட்டார். இரண்டு கையாலும் பிடித்து, குதிரையை இடது கட்டை விரலால் இழுத்து. முதல் இரண்டும் அட்டையில் பட்டன. நாலாவதிலிருந்து கையை உதற ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி சோறு பிசைந்து சாப்பிட முடியவில்லை, ஸ்பூன் கேட்டார். மாதம் ஒரு தடவையாவது சுட்டுப் பழகாமல் துப்பாக்கி கை பழகாது என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார். பழகினால் மூட்டு போகும், பழகாவிட்டால் துப்பாக்கி பிரயோசனமில்லை.

பெரியப்பா மனுவை வாபஸ் வாங்கவில்லை. போலீஸ் விசாரணை முடிந்திருக்கிறது, மேலே போயிருக்கிறது. கிடைத்தால் கனமான இரும்பு ரிவால்வர்தான், ரப்பர் பிடியோடு, என்று முடிவு பண்ணி வைத்திருக்கிறார். இடுப்பில் கட்ட மாட்டாராம். பூட்டிய பெட்டியில், கட்டிலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில். குதிரையை முன்கூட்டியே இழுத்து வைப்பதில்லை என்று பெரியம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். எந்தத் தேர்தல் வந்தாலும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லுவார்கள். அந்த ஒன்றிரண்டு மாதம் பெட்டி காலிதான் என்பதும் அவருக்குத் தெரியும்.

அதனால் மற்றதை எல்லாம் முதலில் செய்துவிட்டோம். வாசலுக்கு இரும்புக் கதவு, உள்ளிருந்தே ஆளைப் பார்க்கிற மாதிரி. ஆள் நடந்தால் எரியும் விளக்கு நாலு மூலையிலும். இரண்டு நாட்டு நாய். கேமரா, பெங்களூரில் இருக்கும் மகன் போனிலும் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பட்டன். உள்ளங்கையால் அமுக்கினால் போதும், எங்கள் வீட்டிலும் பக்கத்துத் தோட்டத்து மாமா வீட்டிலும் சைரன் அலறும். எல்லாம் சேர்த்து ஒரு ரிவால்வர் விலை ஆகவில்லை. அந்தப் பட்டனைப் பெரியப்பா விடியக் காலை 4 மணிக்கு அமுக்கிப் பார்த்தார். மாமா லுங்கியோடு டார்ச் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிசத்தில் வந்து நின்று வைதுவிட்டுப் போனார்.

உங்கள் அப்பாவோ மாமனாரோ துப்பாக்கி வேணும் என்று சொன்னால், பயந்தாங்கொள்ளி என்று சிரிக்காதீர்கள், அந்தப் பயம் நியாயமானது. லைசென்ஸ் செலவுக்கு முன்னால் மூன்று காரியம் பாருங்கள். விடியக் காலையில் எழுப்பி ஒற்றை விரலால் ஐந்து கிலோ இழுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போடாமல் பத்தடி தூரத்தில் நிற்பது நீங்களா வேறு ஆளா என்று கேளுங்கள். பூட்டிய பெட்டியை இருட்டில் திறக்க எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணுங்கள். மூன்றும் சரியாக வந்தால் கடைக்குக் கூட்டிப்போங்கள். போனால் இருப்பதிலேயே லேசானதை எடுக்க விடாதீர்கள். வரவில்லை என்றால் பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா, வரப்புத் தகராறில் நின்றுபோயிருக்கிறதா என்று விசாரியுங்கள். நின்றுபோயிருந்தால் அடுத்த நோம்பிக்கு வரும்போது நீங்களே போய்ப் பேசிவிட்டு வாருங்கள். ராத்திரி சைரன் அடித்தால் ஓடிவருவதற்குப் பக்கத்தில் அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது.